ஜிம்மிக்கு லிப்டில் இடம் உண்டா?

குட்டீஸ்! ஒரு கேள்வி. உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இனிமேல் இங்கே நாய், பூனை வளர்க்கக் கூடாது. இது சங்கத்தின் முடிவு' என்று அதில் எழுதியிருக்கிறது. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

வீட்டில் ஜிம்மி வளர்க்கிறவன், 'இது அநியாயம்' என்பான். நாயைப் பார்த்தாலே கால் நடுங்குகிறவள், 'அப்பாடா! தப்பித்தோம்' என்பாள். இருவருமே உங்களோடு மாலையில் விளையாடுகிறவர்கள்தான். யார் பக்கம் நிற்பது?

என்னைக் கேட்டால், விதி போடலாம்; ஆனால், தடை போடக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உங்கள் தாத்தா, பாட்டி காலத்தில் இந்தக் கேள்வியே வந்திருக்காது. வீட்டுக்கு முன்னால் திண்ணை, பின்னால் தோட்டம். நாய் வாசலில் படுத்திருக்கும். பூனை கூரை மேல் நடக்கும். ஒரு வீட்டு நாய் குரைத்தால், அந்த வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்று தெருவே தெரிந்துகொள்ளும். அவ்வளவுதான்.

இப்போது இரண்டு ஊர்களிலும் மாடி வீடுகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழும்பி வருகின்றன. அங்கே உங்கள் வீட்டுச் சுவர்தான் பக்கத்து வீட்டுக்கும் சுவர். உங்கள் வீட்டுத் தரைதான் கீழ் வீட்டுக்குக் கூரை. படிக்கட்டு, லிப்ட், மொட்டை மாடி எல்லாமே எல்லோருக்கும் பொது. ஒரு நாய் இரவு 2 மணிக்குக் குரைத்தால், பொதுத்தேர்வுக்குப் படித்துவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்த அக்காவும் எழுந்துகொள்வாள். சண்டை இப்படித்தான் தொடங்குகிறது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் விலங்குகளுக்காகப் பாராளுமன்றத்தில் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழ்நாட்டுப் பெண்மணி. சென்னை கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல்தான் அவர். 1952ல் ராஜ்யசபா உறுப்பினரான அவர், விலங்குகளைக் கொடுமையிலிருந்து காக்க ஒரு சட்டம் வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். பிரதமர் நேரு, அரசே அப்படியொரு சட்டத்தைக் கொண்டுவரும் என்றார். அப்படிப் பிறந்ததுதான் 1960ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். அந்தச் சட்டத்தின்படி 1962ல் இந்திய விலங்குகள் நல வாரியம் தோன்றியது. அதன் முதல் தலைவரும் ருக்மிணி தேவியே. பல ஆண்டுகள் சென்னையில் இயங்கிய வாரியத்தின் தலைமையகம், 2018ல் அரியானா மாநிலத்துக்கு மாறியது.

இந்த வாரியம் 2015 பிப்ரவரியில் குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டது. அது சொல்வது என்ன தெரியுமா? சங்கத்தில் எல்லோரும் கூடி ஒருமனதாக முடிவெடுத்தாலும்கூட, செல்லப் பிராணி வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது. 'சின்ன நாய் என்றால் சரி, பெரிய நாய் கூடாது' என்று சொல்ல முடியாது. லிப்டில் ஏற்றக் கூடாது என்றோ, ஏற்றினால் தனிக் கட்டணம் என்றோ சொல்ல முடியாது. குரைக்கிறது என்பதைக் காரணம் காட்டியும் தடை விதிக்க முடியாது.

2021 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றமும் இதே கருத்தில் தீர்ப்பு அளித்தது. குடியிருப்பில் செல்லப் பிராணிகளே கூடாது என்று சங்கம் எழுதி வைக்கும் விதி செல்லாது என்றது. கூடவே இன்னொன்றும் சொன்னது. வளர்க்கிறவர்கள் பின்பற்ற வேண்டிய நியாயமான நிபந்தனைகளைச் சங்கம் விதிக்கலாம் என்றது. அது கேரளத்தில் வந்த தீர்ப்புதான். ஆனாலும், அதன் நியாயம் விழுப்புரத்துக்கும் பொருந்தும்.

'எல்லோரும் சேர்ந்து ஓட்டுப் போட்டு முடிவு செய்தால் அதுதானே ஜனநாயகம்?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! உங்கள் வகுப்பில் 40 பேர் இருக்கிறீர்கள். உன் டிபன் பாக்சில் என்ன இருக்க வேண்டும் என்று மற்ற 39 பேரும் ஓட்டுப் போட்டு முடிவு செய்ய முடியுமா? முடியாது. அது உன் வீட்டு விஷயம். ஆனால், சாப்பிட்டு முடித்ததும் பெஞ்சைத் துடைக்க வேண்டும் என்று வகுப்பே விதி போடலாம். ஏனென்றால், பெஞ்ச் எல்லோருக்கும் பொது. வீட்டுக்குள் ஜிம்மி இருப்பது டிபன் பாக்ஸ் மாதிரி. படிக்கட்டும் லிப்டும் பெஞ்ச் மாதிரி. புரிகிறதா?

இப்போது மறுபக்கத்தையும் பார்ப்போம். நாய்க்குப் பயப்படுகிறவர்களைப் பார்த்து, 'எங்க ஜிம்மி ஒண்ணும் பண்ணாது' என்று சிரிக்கிறோமே, அது சரியில்லை. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2024 மே மாதம் சென்னையில் ஒரு பூங்காவில், இரண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் காயப்படுத்தின. அவை தெருநாய்கள் இல்லை, வளர்ப்பு நாய்கள். கழுத்தில் வார் மாட்டி, பெரியவர் ஒருவர் கையில் பிடித்திருந்தால் அந்தச் சிறுமிக்கு அது நேர்ந்திருக்குமா?

அடுத்தது ரேபிஸ் என்கிற வெறிநோய். நோயின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆனால், ஊசி போட்டால் முழுமையாகத் தடுத்துவிடலாம். பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர், 1885 ஜூலை 6ல் நாய் கடித்த ஒரு 9 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இந்தத் தடுப்பூசியைப் போட்டுக் காப்பாற்றினார். நம் குன்னூரிலும் 1907ல் இதற்காகவே பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. நாய்க்குட்டிக்கு 3 மாதம் ஆனதும் ஒரு ஊசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி ஆண்டுதோறும் ஊசி. இதைக்கூடச் செய்யாதவர், 'எனக்கு உரிமை இருக்கிறது' என்று எப்படிப் பேச முடியும்?

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், அது நம் வீட்டு ஜிம்மியாகவே இருந்தாலும், அம்மா திட்டுவாள் என்று மறைக்காதீர்கள். உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பெரியவர்களிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

'இவ்வளவு ஆபத்து இருந்தால், தடையே போட்டுவிடலாமே?' என்று தோன்றுகிறதா? இங்கேதான் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தடை போட்டால் ஜிம்மி மாயமாக மறைந்து போய்விடுமா? வேறு வீடு பார்க்க வசதி இருப்பவர் போவார். இல்லாதவர் என்ன செய்வார்? ஒரு நாள் இரவு காரிலோ ஆட்டோவிலோ ஏற்றி, நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டு வருவார். சோறு தேடத் தெரியாது. லாரியைப் பார்த்து ஒதுங்கத் தெரியாது. திண்டிவனம், விழுப்புரம் சாலையில் போகும் வண்டிகளின் வேகம் உங்களுக்குத் தெரியும்.

தப்பிப் பிழைத்தாலும், அது ஊசி போட ஆளில்லாத தெருநாய் ஆகிவிடும். வீட்டில் இருந்தபோது அதற்கு ஒரு பெயர் இருந்தது, ஊசிச் சீட்டு இருந்தது, பொறுப்பேற்க ஒருவர் இருந்தார். தடை, இந்த மூன்றையும் பறித்துக்கொண்டு அதைத் தெருவுக்கு அனுப்புகிறது. பயந்தவர்களின் பயம் இதனால் குறையுமா, கூடுமா? நீங்களே சொல்லுங்கள்.

வளர்த்த பிராணியைத் தக்க காரணம் இல்லாமல் கைவிடுவது, 1960ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அன்று எழுதிய தொகை அது. இன்று ஒரு நல்ல பிஸ்கட் பாக்கெட்டின் விலை! அபராதத்துக்குப் பயந்து யாரும் நிற்கப் போவதில்லை. மனசாட்சிதான் நிறுத்த வேண்டும்.

சில இடங்களில், 'வளர்த்துக்கொள்ளுங்கள். ஆனால், மேலே கொண்டு போகாதீர்கள். வண்டி நிறுத்துமிடத்தில் கட்டிப் போடுங்கள்' என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால், 2024 நவம்பர் கடைசியில் வந்த பெஞ்சல் புயலை நினைத்துப் பாருங்கள். நம் இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் பல இடங்களில் வெள்ளம் புகுந்தது. அப்படியோர் இரவில், தரைத்தளத்தில் சங்கிலியில் கட்டிய நாய் எங்கே ஓடும்? நாம் படியேறி மேலே போய்விடுவோம். அதுவும் படியேற வேண்டாமா?

குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும் அதே சட்டப்படி குற்றம்தான். எப்போதும் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாயை நடக்க அழைத்துப் போகாமல் இருப்பதும் குற்றம். இது சங்கத்துக்கு அல்ல, வளர்ப்பவருக்கு! நாள் முழுவதும் பால்கனியில் கட்டிப் போட்ட நாய் குரைக்காமல் என்ன செய்யும்? அண்டை வீட்டார் மேல் கோபப்படும் முன், அது ஏன் குரைக்கிறது என்று பாருங்கள். நடை போதவில்லையா? தனிமையா? உடம்பு சரியில்லையா?

ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களை நம் எல்லோருக்கும் பிடிக்கும். அவை வேட்டைக்குப் பழக்கப்பட்ட இனங்கள். ஓடி ஓடி வளர்ந்தவை. இரண்டு அறை வீட்டில் அடைத்துவைத்துவிட்டு, 'நம்ம ஊரு நாய்' என்று பெருமைப்படுவதில் என்ன பயன்?

பச்சைக்கிளி ஆசை இருக்கிறதா? வேண்டாம்! நம் ஊர்ப் பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வளர்ப்பது, 1972ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவை செல்லப் பிராணிகள் அல்ல; காட்டு உயிர்கள். அடுக்குமாடியாக இருந்தாலும் சரி, தனி வீடாக இருந்தாலும் சரி, அந்த உரிமை யாருக்கும் கிடையாது.

சரி, என்ன மாதிரி விதிகள் போடலாம்? நான் எழுதினால் இப்படி எழுதுவேன். பொது இடத்தில் எப்போதும் கழுத்தில் வார் இருக்க வேண்டும். அதைப் பெரியவர் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். ஊசிச் சீட்டின் நகலை ஆண்டுதோறும் சங்கத்திடம் கொடுக்க வேண்டும். நாய் அசிங்கம் செய்தால், வளர்ப்பவரே அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும். வாச்மேனையோ துப்புரவுப் பணியாளரையோ ஏவக் கூடாது. பூங்காவில் குழந்தைகள் விளையாடும் நேரம் வேறு, நாய் நடக்கும் நேரம் வேறு. லிப்டில் ஏற்கெனவே யாராவது பயந்து நின்றால், அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். பயப்படுகிறவர்களும் நாய் மேல் கல் எறியவோ, வாலைப் பிடித்து இழுக்கவோ கூடாது. இத்தனையும் ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம்.

நீங்கள் வாடகை வீட்டில் இருந்தால், குடிபோகும் முன்பே வீட்டு உரிமையாளரிடம் கேட்டுவிடச் சொல்லுங்கள். ஒளித்து வைத்து வளர்ப்பது ஜிம்மிக்கும் நல்லதில்லை. சங்கம் தடை போட்டால் கத்திச் சண்டை போட வேண்டாம். வாரியத்தின் நெறிமுறையைக் காட்டி அப்பாவையோ அம்மாவையோ கடிதம் எழுதச் சொல்லுங்கள். மீட்டிங்கில், தடைக்குப் பதிலாக மேலே சொன்ன விதிகளை முன்வையுங்கள்.

நம் அரசியலமைப்புச் சட்டத்தில் 1976ல் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளில் ஒன்று, உயிர்களிடம் இரக்கம் காட்டுவது. உயிர்கள் என்றால் நாய் மட்டும்தானா? நாய்க்குப் பயந்து படிக்கட்டில் நிற்கிற உங்கள் தோழியும் ஓர் உயிர்தானே! இரண்டு பேர் மேலும் இரக்கம் காட்டத் தெரிந்தவருக்குத்தான் உரிமை பேசும் தகுதி இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ஒரு நாய் 10 முதல் 13 ஆண்டுகள் வாழும். இப்போது உங்களுக்கு 8 வயது என்றால், நீங்கள் காலேஜ் போகும்போது அது கிழடாகி, படியேற முடியாமல் நிற்கும். அன்றைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு லிப்டில் ஏறுவேன் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் மட்டும், இன்றைக்கு அப்பாவிடம் குட்டி கேளுங்கள். என்ன, சரிதானே குட்டீஸ்?