வெந்நீர் ஊற்றும் மூட்டு வலியும்

மூட்டு வலியால் அவதியுறும் பெரியவர்களுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது நம் இல்லங்களில் வழக்கம். இந்த எளிய வைத்தியத்திற்கு நெடிய வரலாறு உண்டு.

துருக்கியின் பூர்சா நகரில் பூமிக்குள்ளிருந்து இயற்கையாகவே வெந்நீர் பொங்குகிறது. உதுமானியப் பேரரசர் சுலைமான் அவர்கள் கௌட் எனும் மூட்டு வீக்க நோயால் வருந்தியவர். அவருடைய மருமகனும் முதலமைச்சருமான ருஸ்தம் பாஷா 1552-இல் அங்கு பெரிய குளியல் மாளிகை ஒன்றை எழுப்பினார்.

1541 முதல் 1686 வரை உதுமானியர் ஆட்சியிலிருந்த ஹங்கேரியின் புடா நகரிலும் இத்தகைய ஹமாம்கள் கட்டப்பட்டன. அவற்றுள் ஒன்றுக்குச் சொந்த ஊற்று இல்லை. தொலைவிலிருந்து குழாய் வழியே நீர் கொணரப்பட்டது. காரணம், அது கோட்டை மதிலுக்குள் அமைந்திருந்தது. நகரம் முற்றுகையிடப்பட்டாலும் உள்ளிருப்போர் குளிக்க வேண்டும் என்பதே நோக்கம்.

போரில் காயமுற்றோரும் வெந்நீர் ஊற்றுகளை நாடினர். 1525-இல் பாவியா போரில் காயமுற்ற வீரர்கள் தென் பிரான்சின் ஓ-போன் ஊற்றில் குளித்துப் பயன் பெற்றதால், அந்நீருக்குத் 'துப்பாக்கிக் காய நீர்' என்றே பெயர் ஏற்பட்டது. 1732-இல் பூர்போன் எனும் ஊற்று நகரில் மன்னர் பதினைந்தாம் லூயி இராணுவ மருத்துவமனையே நிறுவினார்.

இதன் இரகசியம் என்ன? நீரில் அமிழ்ந்த உடல் தன் எடையை இழந்தாற்போல் மிதப்பதால் மூட்டின் சுமை குறைகிறது. வெப்பம் தசைகளைத் தளர்த்தி, இரத்த ஓட்டத்தைப் பெருக்குகிறது. அசையாதிருந்த அங்கம் அசையத் தொடங்குகிறது. ஆயினும் இது நிவாரணமே அன்றி, நோயை வேரறுக்கும் மருந்தன்று. மூட்டுகளைச் சிதைக்கும் முடக்குவாதத்திற்கு மருத்துவரின் சிகிச்சை அவசியம். அதைத் தள்ளிப்போட்டால் மூட்டுகள் நிரந்தரமாகக் கோணிவிடக்கூடும்.

இல்லத்தரசிகள் கவனிக்க வேண்டியவை: நீரிழிவு நோயாளிகளின் பாதங்களில் உணர்ச்சி மங்கியிருக்கலாம், கொதிநீர் பட்டுக் கொப்புளித்தாலும் அவர்கள் அறியார். எனவே நீரின் சூட்டை உங்கள் முழங்கையால் சோதித்த பின்னரே ஒத்தடம் கொடுங்கள். திடீரெனச் சிவந்து வீங்கிய மூட்டின் மீது வெந்நீர் வேண்டாம். இதய நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் சுடுநீரில் நெடுநேரம் அமர்தல் கூடாது. ஆறாத புண்ணுடன் பொதுக் குளங்களில் இறங்குவதும் தகாது.

பெற்றோரின் வலியைத் தணிக்க முனையும் நம் கரங்களே அவர்களுக்குப் புதிய வேதனையைத் தந்துவிடலாகாது அன்றோ!