கைவிட்ட கூடாரங்கள்

இங்கிலாந்து நாட்டின் தென்மேற்கே சாமர்செட் என்னும் மாவட்டம் உள்ளது. புல்வளமும் பால்வளமும் நிறைந்த நிலம் அது. அங்குப் பில்டன் என்னும் சிற்றூரில் மாடு வளர்த்து வாழ்ந்த மைக்கேல் ஈவிஸ் என்பார், 1970-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தம் பண்ணையிலேயே ஓர் இசை விழா நடத்தினார். ஏறத்தாழ 1,500 பேர் வந்தனர். நுழைவுக் கட்டணம் ஒரு பவுன். பண்ணைப் பாலும் அதனுள் அடக்கம். கிளாஸ்டன்பரி விழா என்று இன்று உலகம் அறிந்த பெருவிழாவின் தொடக்கம் இதுவே. இப்போது அங்கே கூடுவோர் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். நேற்றுவரை மாடு மேய்ந்த வெளியில் ஐந்து நாள் துணியாலாகிய ஒரு நகரம் எழுந்து நிற்கும்.

இத்தகைய விழாக்கள் பிரிட்டனில் பல உள. தேம்சு ஆற்றங்கரையில் உள்ள ரெடிங் நகரில் ஆகஸ்டுத் திங்கள் இறுதியில் நடப்பதும் பெரியதொரு விழா. அவ்விழா முடிந்த மறுநாட்காலையில் எடுத்த படங்களைச் செய்தித்தாள்கள் பல ஆண்டுகளாக வெளியிட்டு வருகின்றன. முதன்முறை அப்படத்தைக் கண்டபோது, மக்கள் இன்னும் உறங்குகின்றனர் என்றே நான் எண்ணினேன். உற்றுப் பார்த்த பின்னரே உண்மை விளங்கிற்று. கூடாரங்கள் நிற்கின்றன, உள்ளே ஒருவரும் இல்லை. படுக்கைப் பைகள், மடக்கு நாற்காலிகள், காற்றடைத்த மெத்தைகள் எல்லாம் போட்டது போட்டபடியே கிடக்கின்றன. உடையவர்கள் புகைவண்டி ஏறிவிட்டார்கள்!

இவர்கள் யார்? உலகைப் பற்றிக் கவலையற்றவர்களா? அல்லர். காடு அழிவதையும் கடல் மாசுறுவதையும் பேசிப் பேசி வருந்தும் தலைமுறையினர் இவர்கள். 2019-ஆம் ஆண்டு கிளாஸ்டன்பரியில், ஒருமுறை குடித்து எறியும் பிளாஸ்டிக் நீர்ப்புட்டிகளை விற்பது நிறுத்தப்பட்டது. இயற்கை அறிஞர் டேவிட் அட்டன்பரோ, தம் 93-ஆம் வயதில் பெருமேடை ஏறி, அதற்காகக் கூட்டத்தினருக்கு நன்றி கூறினார். ஆரவாரம் வானைப் பிளந்தது. அதே 2019-ஆம் ஆண்டில்தான் பிரிட்டனின் தனி விழாக்களை நடத்துவோர் சங்கம் ஒரு கணக்கை வெளியிட்டது. அந்நாட்டு விழாக்களில் ஆண்டுதோறும் கைவிடப்படும் கூடாரங்கள் 2,50,000 என்பது அவர்தம் மதிப்பீடு. ஒரு கூடாரத்தின் சராசரி எடை மூன்றரைக் கிலோகிராம்; அதில் பெரும்பகுதி பிளாஸ்டிக். உறிஞ்சுகுழல் கணக்கில் சொன்னால், ஒரு கூடாரம் 8,750 குழல்களுக்குச் சமம் என்றனர். பெருக்கிப் பாருங்கள், ஆண்டுக்கு 875 டன் ஆகும். காகிதக் குழலால் பருகிய பெருமையோடு, ஒன்பதினாயிரம் குழலுக்கு நிகரான குப்பையை விட்டுச் செல்வதை என்னென்பது?

ஊருக்கு உபதேசம் என்று நம்மவர் சொல்வதுண்டு. அச்சொல்லை இவர்மேல் எறிந்துவிட்டு நகர்வது எளிது. ஆயினும், இதில் பாசாங்கைவிட அறியாமையே மிகுதி என்பது என் எண்ணம். விட்டுச் சென்றால் அறச்சங்கங்கள் எடுத்து வறியவர்க்குக் கொடுக்கும் என்று பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கை முழுப் பொய்யன்று. தொண்டர்கள் சிலவற்றைத் திரட்டுவதும் உண்டு. ஆனால் சேறு படிந்த, கம்பு முறிந்த, ஈரத்தில் சுருட்டிய ஆயிரக்கணக்கான கூடாரங்களை ஒரு சில கைகள் என் செய்யும்? பெரும்பகுதி குப்பைக் குழிக்கும் எரியுலைக்குமே போகின்றது. உருக்கி மீண்டும் பயன்படுத்தலாமே எனின், அதுவும் எளிதன்று. மேல்துணி பாலியெஸ்டர் அல்லது நைலான், அதன்மேல் மழைநீர் புகாவண்ணம் ஒரு பூச்சு, கம்பு கண்ணாடியிழை, முளை எஃகு. ஒன்றோடொன்று தைத்தும் ஒட்டியும் கிடக்கும் இவற்றைப் பிரித்தெடுக்க ஆகும் கூலி, புதுக்கூடாரத்தின் விலையைக் காட்டிலும் மிகுமோ என்று ஐயுற வேண்டியுள்ளது.

அந்த விலையைத்தான் நான் முதற்குற்றவாளி என்பேன். ஓரிரு வேளை உணவின் விலைக்குக் கூடாரம் கிடைக்குமாயின், அதை நனைந்த முதுகில் சுமந்து செல்ல யாருக்கு மனம் வரும்? கடைகளோ அதற்கு 'விழாக் கூடாரம்' என்றே பெயரிட்டு விற்றன. விழா முடிந்தால் கூடாரமும் முடிந்தது என்று அப்பெயரே சொல்லாமற் சொல்கிறதன்றோ? அவ்வாறு விளம்பரம் செய்ய வேண்டா என்று மேற்சொன்ன சங்கத்தார் கடைக்காரர்களைக் கேட்டுக்கொண்டனர். சரியான வேண்டுகோள் அது. எனினும், வாங்கிய கை எறிந்த கையாக இருக்கும்வரை கடைக்காரரை மட்டும் நோவது பொருந்தாது.

இனி வேறொரு கூட்டத்தாரையும் பற்றிச் சொல்ல வேண்டும். ரெடிங் படத்தைக் காட்டி, "பார்த்தீர்களா இளைஞரின் பூமிப்பற்றை!" என்று நகைப்பவர் அவர். உலகம் வெப்பமுறுகிறது என்னும் செய்தியே பொய் என்று காட்ட இப்படம் போதும் என நினைப்பாரும் உளர். புகைபிடிக்கும் மருத்துவர், புகையிலை நஞ்சு என்கிறார். அவர் பிடிப்பதனால் புகையிலை அமுதமாகிவிடுமா? சொன்னவரிடம் குறை காண்பது வேறு. சொன்னதை மறுப்பது வேறு. தாம் ஒரு துரும்பையும் எடுத்துப் போடாமல், எடுக்க முயன்று தவறியவரை எள்ளுவோரைக் கண்டால், எனக்கு அந்த இளைஞரே மேலானவராகத் தோன்றுகின்றனர்.

அவர்களால் முடியாதது ஒன்றுமில்லை என்பதற்கும் சான்று உண்டு. அதே 2019-ஆம் ஆண்டு கிளாஸ்டன்பரியில் நூற்றுக்கு 99.3 கூடாரங்கள் திரும்ப எடுத்துச் செல்லப்பட்டன என விழா நடத்துவோர் அறிவித்தனர். அவர்களே சொன்ன கணக்குத்தான்; ஆயினும், அதில் பாதியே உண்மை என்றாலும் பெரிய மாற்றமே. மக்கள் ஒரே நாட்டு மக்கள். கூடாரமும் அதே மலிவான கூடாரம். பின் எதனால் இவ்வேறுபாடு? கிளாஸ்டன்பரியில் காலடி நிலம் யாருடையது என்பது வந்தவர்க்குத் தெரியும். அது பால்மாடுகளின் மேய்ச்சல் நிலம். புல்லில் மறைந்து கிடக்கும் எஃகு முளை மாட்டின் குளம்பில் தைக்கும். புல்லோடு வயிற்றுக்குள் போனால் உயிருக்கே இடர். ஆகவே, மண்ணில் மட்கும் முளைகளை விழாவினரே விலையின்றி வழங்கினர். 2018-ஆம் ஆண்டில் விழாவையே நிறுத்தி நிலத்துக்கு ஓய்வும் கொடுத்தனர். பெயரற்ற மைதானத்தில் எறிய நாணாத கை, ஒரு பசு வந்து நிற்கப்போகும் இடத்தில் தயங்குகிறது.

டென்மார்க்கில் 1971 முதல் நடந்துவரும் ராஸ்கில்டு விழாவில் பானக் குவளைக்கு முன்பணம் வாங்கி, திருப்பித் தந்தால் பணத்தையும் திருப்பித் தருகின்றனர். கீழே கிடப்பதைப் பொறுக்கித் தருவோர்க்கும் காசு உண்டு. கூடாரத்துக்கும் இவ்வாறு வாயிலிலேயே முன்பணம் கட்டச் செய்தால் என்ன? நுழைவுச் சீட்டே விலை மிகுந்தது, இதுவும் சேர்ந்தால் எளியோர் எங்ஙனம் வருவர் என்று கேட்பர். திரும்பி வரும் பணந்தானே! சுமந்து செல்பவனுக்கு இழப்பில்லை. எறிந்து செல்பவன் கட்டிய பணமோ பொறுக்குவோர் கூலிக்கு ஆகும்.

பில்டனில் கூட்டம் கலைந்த பின், பொறுக்குவோர் வரிசை வரிசையாகப் புல்வெளியில் குனிந்து நடப்பர். அவர்கள் கண்ணுக்குத் தப்பிய முளைகளைக் காந்தம் பொருத்திய வண்டிகள் மேலும் கீழும் சென்று ஈர்த்தெடுக்கும். அதன் பின்னரே வேலி திறக்கப்பட்டு, மாடுகள் தம் மேய்ச்சலுக்குத் திரும்பும்.