பாஸ்டன் நகரின் சிவப்புக் கோடு

அமெரிக்க நாட்டின் பழம்பெரும் நகரங்களுள் பாஸ்டனும் ஒன்று. 1630-இல் தோன்றிய அந்நகரின் நடைபாதைகளில் ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறது. சில இடங்களில் செங்கல், சில இடங்களில் வெறும் வண்ணப்பூச்சு. 1951-இல் வகுக்கப்பட்ட அதற்கு 'விடுதலைப் பாதை' என்று பெயர். அதன்வழியே இரண்டரை மைல் நடந்தால் 16 வரலாற்றுச் சின்னங்களைக் காணலாம்.

இயற்பியல் மாணவனுக்குக் கட்டடங்களோடு என்ன வேலை என்று வரலாற்றுத் துறை நண்பர்கள் கேட்கக்கூடும். நான் கொத்தனார் மகன். சுவரைக் கண்டால் கட்டியவன் யார், காப்பாற்றியவன் யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

அச்சின்னங்கள் தம் பெருமையாலேயே நிலைத்துவிட்டன என்று எண்ணுவது தவறு. 1729-இல் எழுந்த 'ஓல்டு சவுத்' வழிபாட்டுக் கூடத்தைப் பாருங்கள். 1773 டிசம்பர் 16 அன்று ஆயிரக்கணக்கானோர் அங்கே திரண்டு தேயிலை வரியை எதிர்த்தனர். அன்றிரவே கிழக்கிந்தியக் கம்பெனியின் 342 தேயிலைப் பெட்டிகள் கடலுக்குள் போயின. (ஆம், நம்மை ஆண்ட அதே கம்பெனிதான்!) அத்தகைய கூடத்தை 1876-இல் ஏலம் விட்டார்கள். எவ்வளவுக்குத் தெரியுமா? இடித்தெடுக்கும் பொருள்களின் விலையாக 1,350 டாலருக்கு! நகரத்துப் பெண்கள் சிலர் துணிந்து முன்வந்ததால் அது பிழைத்தது. 1713-இல் கட்டப்பட்ட பழைய அரசு மாளிகையையும் இடிக்கும் பேச்சு எழுந்தது. 1881-இல் சிகாகோ நகரத்தார், "எங்களிடம் கொடுங்கள், பெயர்த்துக்கொண்டு போய்க் கட்டிக்கொள்கிறோம்" என்ற பிறகே பாஸ்டன்காரர்களுக்கு ரோஷம் வந்தது. விடுதலைப் பிரகடனத்தில் முதற் கையெழுத்திட்ட ஜான் ஹான்காக்கின் மாளிகைக்கு அந்தப் பேறும் இல்லை. 1863-இல் அதை இடித்தே விட்டார்கள்.

இவற்றைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். என் மனத்தை உறுத்துவது வெஸ்ட் எண்ட் என்னும் பகுதி. இத்தாலியர், யூதர், போலந்துக்காரர் எனப் பிழைக்க வந்த தொழிலாளர்கள் நெருங்கி வாழ்ந்த தெருக்கள் அவை. சேரி என்று முத்திரை குத்தி, 1958 முதல் அவற்றைத் தரைமட்டமாக்கினர். ஏறத்தாழ 2,700 குடும்பங்கள் வெளியேறின. அங்கே எழுந்த உயர்ந்த மாடிக் குடியிருப்புகளின் வாடகை அவர்களுக்கு எட்டாததாக இருந்தது. ஆனால் அதே பகுதியில், 1796-இல் ஓட்டிஸ் என்ற செல்வந்தருக்காகக் கட்டப்பட்ட வீடு மட்டும் பத்திரமாக நிற்கிறது. முன்னொரு முறை சாலையை அகலப்படுத்தியபோது அவ்வீட்டை அப்படியே பின்னுக்கு நகர்த்திக் காப்பாற்றினார்களாம். ஒரு வீட்டை நகர்த்தத் தெரிந்த நகரம் அது!

அந்தக் குடியிருப்புகள் பாழடைந்தவை, இடித்தது சரியே என்று சிலர் வாதிக்கலாம். 1,350 டாலருக்கு விலைபோன கூடத்தைப் பற்றியும் அன்று அப்படித்தானே நினைத்திருப்பார்கள்? அதற்குப் பரிந்து பேசப் பெரிய மனிதர்கள் இருந்தார்கள். தொழிலாளியின் தெருவுக்கு இல்லை.

சிவப்புக் கோட்டை வெஸ்ட் எண்ட் வரை நீட்ட வேண்டும் என்பது என் கருத்து. அங்கே காட்டுவதற்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்பீர்கள். மறைந்த தெருக்களின் பெயர்களைத் தரையில் பொறிக்கலாமே. ஹான்காக் மாளிகையும் இன்று இல்லை; ஆனாலும் அது நின்ற இடத்தில் வெண்கலப் பலகை வைத்திருக்கிறார்கள்.