மலிவு விமானமா, பெரிய விமானமா? வேலை பார்ப்பவரைக் கேளுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் கொத்துக் கொத்தாக ரத்தானபோது எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கட்சி உருவாயிற்று. "மலிவு கம்பெனி என்றால் இப்படித்தான், அந்தக் காலத்து இந்தியன் ஏர்லைன்ஸ் மாதிரி வருமா?" என்றது ஒரு கட்சி. "அந்தக் காலத்தில் நாமெல்லாம் விமானத்தை அண்ணாந்துதானே பார்த்தோம்" என்றது இன்னொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லோருமே பயணியின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டுதான் பேசினார்கள். தள்ளுவண்டியோடு நடுவில் நடந்து வருகிற பெண்ணின் பக்கம் நின்று ஒருவரும் பேசவில்லை.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி விமானப் பணிப்பெண். இரண்டு வகைக் கம்பெனியிலும் வேலை பார்த்தவள். எந்தக் கம்பெனிகள் என்று கேட்காதீர்கள், இன்னும் வேலையில் இருக்கிறாள். மலிவுக் கம்பெனியில் சில நாள் நான்கு செக்டார், அதாவது நான்கு தடவை ஏறி இறங்க வேண்டும். விடிகாலை ஐந்தரை மணி விமானத்துக்கு மூன்று மணிக்கே வீட்டு வாசலில் வண்டி நிற்கும். பயணிகள் இறங்கியதும் குப்பை பொறுக்கி, இருக்கைப் பட்டைகளை நேராக்கி, அரை மணி நேரத்துக்குள் அடுத்த கூட்டத்தை ஏற்ற வேண்டும். பறக்கும் நேரத்துக்கான படி, விமானம் நகரத் தொடங்கிய பிறகுதான் கணக்கு. வாசலில் நின்று 180 பேருக்கு வணக்கம் சொன்ன நேரத்துக்குக் காசு கிடையாது.

"அப்போ பெரிய கம்பெனி நல்லா இருந்திருக்குமே?" என்று கேட்டேன். சிரித்தாள். "அங்கே நல்ல ஹோட்டல், நல்ல ஓய்வு எல்லாம் உண்டு டீச்சர். சம்பளம்தான் நாலு மாசம் வரலை."

இது அவள் ஒருத்தியின் கதை மட்டுமல்ல. 'சூரரைப் போற்று' படத்தை நம்மில் பலர் கண் கலங்கப் பார்த்தோம். கேப்டன் கோபிநாத் 2003-ல் தொடங்கிய ஏர் டெக்கானின் கதையைத் தழுவியது. படம் வெற்றியோடு முடிந்துவிடுகிறது. நிஜத்தில் அந்தக் கம்பெனி 2007-ல் கிங்ஃபிஷர் கைக்குப் போனது. மலிவுக் கம்பெனியைப் பெரிய கம்பெனி விழுங்கியது, ஆனால் செரிக்கவில்லை. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் விமானங்கள் நின்றபோது ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி.

ஜெட் ஏர்வேஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 அக்டோபரில் ஏறத்தாழ 1,900 பேரை ஒரே வீச்சில் நீக்கினார்கள். சீருடையோடு இளைஞர்கள் அழுதுகொண்டு போராடியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். எதிர்ப்பைத் தாங்க முடியாமல் ஓரிரு நாளில் திரும்ப அழைத்தார்கள். 2019 ஏப்ரல் 17-ல் கடைசி விமானம் பறந்தபோது திரும்ப அழைக்க யாரும் இல்லை. வெள்ளித்தட்டும் சூடான சாப்பாடும் ஊழியரைக் காப்பாற்றவில்லை.

சரி, மலிவு என்றாலே ஊழியரைப் பிழிவதுதானா? அப்படியும் இல்லை என்பதற்கு, இந்தத் தொழிலுக்கே வழிகாட்டி என்று சொல்லப்படும் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் கம்பெனியே சாட்சி. 1972-ல் அவர்களிடம் இருந்தது நான்கு விமானம். பணமுடையில் ஒன்றை விற்றார்கள். ஆளைக் குறைக்காமல், நான்கு விமானத்தின் வேலையை மூன்றை வைத்துச் செய்ய, தரையில் நிற்கும் நேரத்தைப் பத்து நிமிடமாகச் சுருக்கினார்கள். எல்லோரும் கை கொடுத்தார்கள். விமானம் தரையில் நின்றால் நஷ்டம், பறந்தால் வருமானம். ஒரே மாதிரி விமானங்களை வைத்துக்கொண்டால் பழுது பார்ப்பதும் பயிற்சி கொடுப்பதும் மலிவு. இதில்தான் மிச்சம் பிடித்தார்கள். ஊழியர்களில் பெரும்பாலோர் தொழிற்சங்கத்தில் இருந்தார்கள், லாபத்தில் அவர்களுக்குப் பங்கும் 1970-களிலேயே வந்துவிட்டது.

அயர்லாந்தின் ரையன்ஏர் வேறு வழியில் போனது. பல ஆண்டுகள் சங்கம் என்ற சொல்லையே ஏற்கவில்லை. 2017 செப்டம்பரில் விமானிகளின் விடுப்புக் கணக்கில் குளறுபடியாகி ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸ் நேரத்து வேலைநிறுத்தத்துக்குப் பயந்து சங்கங்களை அங்கீகரித்தது.

பெரிய கம்பெனி ஒன்றின் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் சுமார் 10,000 விமானப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியக் கோரிக்கை, தரையில் செய்யும் வேலைக்கும் சம்பளம். என் மாணவி சொன்ன அதே குறைதான்!

ஆக, மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி. விமானத்தை அதிகம் பறக்க வைத்து மிச்சம் பிடித்தால் அது கெட்டிக்காரத்தனம். ஆளைத் தூங்கவிடாமல் மிச்சம் பிடித்தால் அதற்கு வேறு பெயர்.

டிசம்பர் விவகாரத்துக்கு வருவோம். விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாகவும், இரவுத் தரையிறக்கத்தின் உச்சவரம்பை ஆறிலிருந்து இரண்டாகவும் மாற்றும் விதியை டி.ஜி.சி.ஏ. 2024 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. இரண்டு கட்டமாக, 2025 ஜூலையிலும் நவம்பரிலும் நடைமுறைக்கு வந்தது. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு அவகாசம். எங்கள் பள்ளியில் ஆண்டுத் தேர்வுக்கு இவ்வளவு அவகாசம் கொடுத்தால் கடைசி பெஞ்சுப் பையன்கூடத் தேறிவிடுவான்! நாட்டின் மிகப் பெரிய விமானக் கம்பெனி தேறவில்லை. ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. கடைசியில் விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். குழுவில் ஒரு நண்பர், "இந்த பைலட்டுகளுக்கு ஓய்வு கேட்கிறதுக்கு இதுதான் நேரமா?" என்று எழுதியிருந்தார். அவர்கள் அன்று எதுவும் கேட்கவில்லை ஐயா. முன்பே கேட்டு, நீதிமன்றம் வரை போய், விதியாகவும் வந்த பிறகுதான் இவ்வளவும் நடந்தது.

ஊழியருக்குப் பேரம் பேசும் பலம் எப்போது வருகிறது தெரியுமா? போட்டிக் கம்பெனி ஆள் எடுக்கும்போது. 2022 ஜூலையில், டாடா கைக்குப் போன ஏர் இந்தியா ஆள் எடுத்த நேரத்தில், இண்டிகோ பணியாளர்கள் பலர் ஒரே நாளில் உடல்நலமில்லை என்று விடுப்பு எடுத்தார்கள். அன்று பாதிக்கு மேற்பட்ட இண்டிகோ விமானங்கள் தாமதம். அதனால்தான் எனக்கு இரண்டு வகைக் கம்பெனியும் வேண்டும். ஒன்று மட்டுமே மிஞ்சினால் என் மாணவி எங்கே போவாள்?

டிக்கெட்டில் முந்நூறு நானூறு ரூபாய் கூடினால் கொடுக்க நான் தயார். "பென்ஷன் வாங்குகிற டீச்சர், சுலபமாகச் சொல்கிறீர்கள்" என்று சிலர் கமெண்ட் போடக்கூடும். உண்மைதான். மாதம் பிறந்தால் எனக்குப் பென்ஷன் வந்துவிடுகிறது, ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்துவிடுகிறேன். நாளைக்கும் அவள் வாசலுக்கு மூன்று மணிக்கு வண்டி வரும்.