அரசு இணையதளத்தில் நேற்று இருந்த அறிக்கை இன்று இல்லை... எங்கே போய் கேட்பது?

காஞ்சிபுரம் மாவட்டம் புள்ளலூர். 1780 செப்டம்பர் 10-ம் தேதி இங்குதான் ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகளிடம் கிழக்கிந்திய கம்பெனியின் கர்னல் பெய்லி தோற்று சிறைபட்டார். அந்தக் காலத்து கம்பெனி ஆவணங்கள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன.

ஆனால், 2020-ல் மத்திய பாதுகாப்பு அமைச்சகம் இணையத்தில் வெளியிட்ட ஓர் ஆவணம் சில நாள்கூட அங்கே தங்கவில்லை.

என்ன நடந்தது?

கிழக்கு லடாக்கில் அந்த ஆண்டு மே மாதம் சீனப் படையினர் அத்துமீறியதாக அந்த ஆவணம் சொன்னது. ஆகஸ்ட்டில் அது செய்தியானதும் தளத்திலிருந்து நீக்கப்பட்டது. அக்டோபரில், 2017 முதல் வெளியான மாதாந்திர அறிக்கைகளும் எடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது.

முன்னாடி எப்படி இருந்தது?

1954-ம் ஆண்டு சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதிகள் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும். அரசின் அலுவல் பயன்பாட்டுக்கு மட்டுமானவை தவிர, அரசு வெளியீடுகளுக்கும் இது பொருந்தும். அதாவது, அமைச்சகமே மனம் மாறினாலும் நூலக அலமாரியில் ஒரு பிரதி இருக்கும். இணையப் பக்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது அச்சு காலத்துச் சட்டம்.

இதுல நமக்கென்ன?

இருக்கு. மத்திய அரசிதழ் அச்சிடுவது 2015 அக்டோபர் 1-ம் தேதியோடு நிறுத்தப்பட்டது. இப்போது மின் அரசிதழ் மட்டும்தான். சாலைக்கு நிலம் எடுப்பதில் இருந்து ஒரு சட்டம் எந்தத் தேதியில் அமலுக்கு வருகிறது என்பது வரை அதில்தான் வரும். நாளைக்கு உங்கள் நிலம் தொடர்பாக வழக்கு என்றால், கையில் அந்த அறிவிப்பு வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வெளியிடச் சொல்லும் சட்டம் வலுவாகவே இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் 4-வது பிரிவு, மக்கள் கேட்காமலேயே இணையம் உள்ளிட்ட வழிகளில் தகவல்களை வெளியிடச் சொல்கிறது.

பாதுகாக்கவும் சட்டம் உண்டு. மத்திய அரசுக்கான பொது ஆவணங்கள் சட்டம் 1993, கணினியில் உருவானவற்றையும் ஆவணமாகவே கருதுகிறது. விதிகளை மீறி அழித்தால் 5 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அப்போ சிக்கல் எங்கே? கோப்பை அழிப்பதுதான் குற்றம். கோப்பு அலுவலகத்தில் பத்திரமாக இருந்து, இணையப் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டால்? ஆவணம் இருக்கும், ஆனால் மக்கள் கண்ணுக்குத் தெரியாது. பிரிட்டனில் தேசிய ஆவணக் காப்பகமே அரசு இணையதளங்களைப் பிரதி எடுத்து வைக்கிறது. 1996 முதலான பக்கங்களை யாரும் பார்க்கலாம். இங்கே எல்லா அமைச்சகங்களுக்கும் சேர்த்து அப்படியொரு பொதுக் காப்பகம் இல்லை.

காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இதற்கு மாறான உதாரணம் இருக்கிறது. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், சுமார் கி.பி. 920-ல், குடவோலைத் தேர்தல் விதிகளைக் கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்கு காட்டாதவர் மீண்டும் போட்டியிட முடியாது என்பதும் அதில் ஒன்று. யாருக்குப் பிடிக்காவிட்டாலும் அந்த வரியை சத்தமில்லாமல் எடுத்திருக்க முடியாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

• உங்களைப் பாதிக்கும் அரசாணை, அரசிதழ் அறிவிப்பு எதுவானாலும் லிங்க்கை மட்டும் சேமிக்காதீர்கள். பிடிஎஃப்பை டவுன்லோடு செய்து, எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள்.

• பக்கம் காணாமல் போனால் 'வேபேக் மெஷின்' தளத்தில் பழைய முகவரியைப் போட்டுத் தேடுங்கள். அது அமெரிக்கத் தொண்டு நிறுவனம் நடத்துவது. எல்லாப் பக்கமும் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது.

• அங்கேயும் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்டிஐ மனு போடுங்கள். ஆவணத்தின் நகலோடு, அதைத் தளத்திலிருந்து எடுக்க உத்தரவிட்ட கோப்புக் குறிப்பின் நகலையும் கேளுங்கள். பொதுவாக 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.