சொல்லும் பொருளும்: ‘வாய்ட்’

‘வாய்ட்’ என்ற ஆங்கில வார்த்தைக்கு வெறுமை, பாழ், வெற்றிடம் என்று அகராதி அர்த்தம் கூறும். பத்திர விஷயத்தில் அதற்குச் ‘செல்லாதது’ என்று பொருள். எங்கள் அவிநாசிபாளையத்தில் காடு தோட்டம் கிரயம் பேசுகிறவர்கள், “பையன் மைனர், பத்திரம் வாய்ட்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். சட்டம் அவ்வளவு சுலபமாய் முடிப்பதில்லை.

மைனர் தானே எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் ‘வாய்ட்’. அதாவது, பிறக்கும்போதே உயிரற்றது. 1903-ல் மோஹரி பீபீ வழக்கில் பிரிவி கவுன்ஸில் அவ்விதமே தீர்ப்பளித்தது. ஆனால், ஹிந்து மைனருடைய தனிச் சொத்தான நிலத்தைத் தகப்பனாரோ தாயாரோ கோர்ட்டு அனுமதியின்றி விற்றால், 1956-ம் வருஷத்துச் சட்டப்படி அந்தக் கிரயம் ‘வாய்டபிள்’தான். உரியவர் வேண்டாமென்று தள்ளும் வரையில் அது செல்லும். மைனர் 18 வயது நிறைந்த பின் 3 வருஷத்துக்குள் அதைத் தள்ள வேண்டும். தவறினால் நிலம் போனது போனதுதான்.

முன்னது வெறுமை, பின்னது, வெறுமையாக்கும் உரிமை. ஆகையால், “பத்திரம் வாய்ட்தானே, சாவகாசமாய்க் கேட்டுக்கொள்ளலாம்” என்று யாரேனும் சொன்னால், நேயர்களே, ‘வாய்டா, வாய்டபிளா?’ என்று உடனே கேளுங்கள். அந்தச் சிறு வாலில் ஒரு குழந்தையின் காடே அடங்கியிருக்கக்கூடும்.