கோயில் கண்டோம், ஊர் கண்டோமா?

நம் சங்க விழா மேடையில் சோழர் புகழ் பேசாத ஆண்டில்லை. தஞ்சைப் பெருங்கோயில் விமானத்தை வியக்காத நாவில்லை. அக்கோயிலுக்கு நெல் அளந்த ஊர்களில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்று கேட்பார்தாம் இல்லை.

சென்ற ஆண்டு நான் கேட்டேன். "கல்வெட்டு இருக்க, பாழ்மேட்டைத் தோண்டுவானேன்?" என்றார் ஓரன்பர். கோப்புகளிடையே காலங்கழிக்கும் எழுத்தன் என்னும் உரிமையில் விடை கூறுகிறேன்: கல்வெட்டும் ஒரு கோப்பே. வரி எவ்வளவு, கொடை யாருக்கு என்பதை அது தவறாது கூறும். முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள், கோயிலுக்கு அளித்த ஊர்களில் வரி நீங்கிய நிலங்களை நிரல்படுத்துகின்றன: ஊர்நத்தம், குளம், சுடுகாடு, பறைச்சேரி, கம்மாணச்சேரி. அச்சேரியில் வாழ்ந்தவன் எதை உண்டான், எத்தகைய குடிலில் உறங்கினான்? வரி வாராத நிலம் என்றதும் கணக்கன் அடுத்த வரிக்குப் போய்விட்டான். எஞ்சியதை மண்தான் சொல்லவேண்டும்.

இங்கிலாந்தில் வாரம் பெர்சி என்னும் பாழூரை 1950 முதல் 1990 வரை ஆண்டுதோறும் அகழ்ந்தனர். உழவர் வீடுகளின் அடித்தளங்களைக் கண்டனர். 600-க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகளை ஆராய்ந்து, அவ்வூர்க் குழந்தைகளின் வளர்ச்சியைக்கூடக் கணித்தனர். நாமோ கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் அரண்மனையைத் தேடினோம். பறவூரை அடுத்த பட்டணம் என்னும் சிற்றூரில் 2007-இல் அகழாய்வு தொடங்கி உரோமானியச் சாடிகள் கிடைத்தபோது மகிழ்ந்தோம். பின்னர்க் கீழடியைக் கொண்டாடினோம். நல்லவையே, குறை கூறேன். ஆனால் அரசனும் ஆழ்ந்த பழமையும் இல்லாத நத்தமேட்டுக்கு நாதியில்லை. தொல்லியல் இடங்களைக் காக்க 1966-ஆம் ஆண்டிலேயே தமிழகம் சட்டம் இயற்றியது. அரசு அறிவித்த இடத்தைத்தான் அது காக்கும். அறிவிக்கக் கேட்பார் வேண்டாமா?

சென்ற சித்திரையில் என் பூர்விக ஊர் நத்தமேட்டிலிருந்து செங்கற்சூளைக்கு மண் போய்க்கொண்டிருந்தது. டிராக்டர்ச் சக்கரத்தடியில் பானையோடுகள் நொறுங்கின. தடுத்துக் கேட்டேன். "கோயிலா இருக்குது இங்கே?" என்றார் ஓட்டுநர். நம் மேடையில் கேட்ட அதே விடை!

அவ்வூர் ஏன் பாழாயிற்று? ஏரி உடைந்ததோ, படை வந்ததோ? வரி தாளாது ஊரைவிட்டகன்ற குடிகளைப் பற்றி விசயநகரக் காலக் கல்வெட்டுகள் சில பேசுகின்றன. பிழைப்பு நாடித் திருப்பூணித்துறைக்கு வந்து குடியேறிய நமக்கா, பெயர்ந்துபோனவன் விட்டுச்சென்ற அடுப்பு அற்பமாகத் தோன்றுவது?

விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்கள், தத்தம் ஊர்ப் பாழ்மேட்டின் சர்வே எண்ணைக் குறித்து வருக. மாநிலத் தொல்லியல் துறைக்கும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கும் சங்கத்தின் பெயரால் விண்ணப்பம் எழுதும் பொறுப்பு என்னுடையது. அதில் எனக்குப் பழக்கமுண்டு.